மூன்று பெயர் கொண்ட பாட்டி

'பேரன்' என்னும் சொல் நமக்கு மிகவும் பழகிப்போனது. பாட்டனாரின் பெயரைத் தாங்குகிறவன் ஆகையால் அவன் 'பெயரன்'. அதுவே பேச்சு வழக்கில் 'பேரன்' ஆயிற்று என்று பெரியோர் சொல்வார்கள். ஆனால் இந்த வழக்கம் நமக்கு மட்டுமே சொந்தம் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். பனிமலைக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நார்வே தேசத்தின் குடியானவர்களும் தலைமுறை தலைமுறையாக இதையே கைக்கொண்டு வந்தவர்கள்தாம். மூத்த பிள்ளைக்குத் தகப்பனைப் பெற்ற பாட்டனார் பெயர். அடுத்த பிள்ளைக்குத் தாயைப் பெற்ற பாட்டனார் பெயர். பெண் குழந்தைகளுக்குப் பாட்டிமார்களின் பெயர். இதுதான் அவர்கள் பொதுவாக அனுசரித்த முறை.

இந்தச் சிறு விஷயம் இன்று அமெரிக்காவில் பல குடும்பங்களுக்குப் பெரும் உதவியாக இருக்கிறது. 1825-ஆம் வருஷம் தொடங்கி ஏறக்குறைய நூறு வருஷ காலத்தில் எட்டு லட்சம் நார்வேஜியர்கள் கடல் தாண்டி அமெரிக்காவுக்குச் சென்றார்கள். ஜனத்தொகையின் விகிதத்தைப் பார்த்தால், ஐரோப்பாவில் அயர்லாந்துக்கு அடுத்தபடியாக இவ்வளவு பேரைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்ட தேசம் அதுவே எனலாம். அப்படிப் போனவர்களின் கொள்ளுப் பேரர்களும் எள்ளுப் பேரர்களும் இப்போது தங்கள் மூதாதையரைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள். தேடப் புறப்பட்ட முதல் நாளே அவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. அதுதான் அந்த மூதாதையரின் பெயர்!

ஓர் உதாரணத்தைக் கொண்டு இதைப் பார்ப்போம். நார்வேயின் மேற்குக் கரையில் ஹார்டாங்கர் என்ற அழகிய பிரதேசம் இருக்கிறது. அங்கே வீக்கோர் என்னும் திருச்சபை வட்டத்தில் 1813-ஆம் வருஷம் ஒரு பெண் பிறந்தாள். அவள் பெயர் குரி. தகப்பனார் பெயர் ஊலே. ஆகவே அவள் 'குரி ஊல்ஸ்டாட்டர்', அதாவது ஊலேயின் மகள் குரி. அவள் கணவன் பெயர் லார்ஸ். லார்ஸின் தகப்பனார் எண்ட்ரே. ஆகவே அவன் 'லார்ஸ் எண்ட்ரேசன்'. கல்யாணம் ஆனதனால் பெண்ணின் பெயர் மாறுவதில்லை. அவள் யாருடைய மனைவியானாலும் சாகிற வரையில் ஊலேயின் மகளேதான். தகப்பனார் பெயரைத் தலையெழுத்தாகத் தாங்கி வரும் நம்மவர்க்கு இதிலே வியப்பு ஒன்றும் தோன்றாது.

ஆனால் ஊர் முழுதும் ஊலேக்களும் லார்ஸ்களும் இருந்தால், எந்த லார்ஸ் என்று எப்படித் தெரியும்? அதற்காக அவர்கள் வசிக்கும் பண்ணையின் பெயரையும் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். லார்ஸின் குடும்பத்தோடு சேர்ந்து வந்த பண்ணைப் பெயர் ரோஸ்ஸலாண்ட். இந்தப் பண்ணைப் பெயர் இருக்கிறதே, அது வம்சத்தின் பெயர் அல்ல, விலாசம். ஒருவன் ஒரு பண்ணையை விட்டு வேறொரு பண்ணைக்குக் குடிபோனால் பழைய பெயரை அங்கேயே விட்டுவிட்டுப் புதிய பெயரை எடுத்துக்கொள்வான். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவன் மாமனார் பண்ணையின் பெயரைப் பெறுவான். தலைமுறைகள் தோறும் மாறாமல் வரும் குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1923-ஆம் வருஷத்திலேதான்.

அமெரிக்காவுக்குப் போன பிறகு இந்த ஏற்பாடெல்லாம் தலைகீழாயிற்று. அங்குள்ள குமாஸ்தாக்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரே பெயர்தான் வேண்டும். சிலர் தகப்பன் பெயரைக் கொடுத்தார்கள். சிலர் பண்ணைப் பெயரைக் கொடுத்தார்கள். கூடப் பிறந்த சகோதரர்களே ஆளுக்கு ஒரு பெயர் கொடுத்ததும் உண்டு. குரி அம்மாள் அங்கே 'குரி எண்ட்ரேசன்' ஆனாள். எண்ட்ரேயின் மகன் என்று பொருள்படும் பெயரை ஊலேயின் மகள் சுமக்கலானாள்! ஒரே ஸ்திரீக்கு ஊல்ஸ்டாட்டர், ரோஸ்ஸலாண்ட், எண்ட்ரேசன் என்று மூன்று பெயர்கள். அமெரிக்கப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நார்வேயில் அவளைத் தேடுகிறவன் இருட்டு அறையில் இல்லாத சாவியைத் தேடுகிறவனுக்கு ஒப்பாவான்.

அவனுக்குக் கை கொடுப்பவை இரண்டு. ஒன்று, நாம் முதலில் சொன்ன 'பெயரன்' வழக்கம். குரிக்கும் லார்ஸுக்கும் பிறந்த பிள்ளைகளில் ஒருவன் எண்ட்ரே, மற்றொருவன் ஊலே. இரண்டு பாட்டனார்களும் பேரப் பிள்ளைகளின் பெயரில் பத்திரமாக இருக்கிறார்கள் அல்லவா? மற்றொன்று பண்ணையின் பெயர். மனிதர்கள் பெயர் மாற்றிக்கொண்டார்கள், நிலம் மாற்றிக்கொள்ளவில்லை. ஊலுஃப் ரீக் என்ற நார்வேப் பண்டிதர் தம் தேசத்துப் பண்ணைப் பெயர்களையெல்லாம் திரட்டி ஆராய்ந்தார். 1897-ஆம் வருஷம் முதல் அந்த மாபெரும் தொகுதி பாகம் பாகமாக வெளிவந்தது. மூதாதையரைத் தேடுவோர்க்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடைப்பது அரிது.

பண்ணை தெரிந்தால் திருச்சபை வட்டம் தெரியும். வட்டம் தெரிந்தால் பாதிரியாரின் பதிவுப் புத்தகம் கிடைக்கும். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம், ஊரை விட்டுப் போனது, ஊருக்குக் குடிவந்தது ஆகிய எல்லாவற்றையும் பாதிரிமார்கள் அதில் எழுதி வைத்தார்கள். அம்மை குத்திக்கொள்வது 1810-இல் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆகையால், பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் வேதபாடம் ஒப்பித்துச் சபையிலே சேரும் பதிவில், அவர்களுக்கு அம்மை குத்திய தேதி கூடக் காணப்படுகிறது. மற்றொரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிவுக்குப் பாதிரியார் ஒரு பிரதியும் சபையின் உதவியாளர் ஒரு பிரதியும் வைத்திருக்க வேண்டும், இரண்டு பிரதிகளும் இரவில் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது என்று 1812-ஆம் வருஷத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். வீடெல்லாம் மரவீடு, நெருப்புப் பிடித்தால் ஒரு பிரதியாவது தப்ப வேண்டுமே! அந்த முன்யோசனையின் பலனை இருநூறு வருஷங்களுக்குப் பிறகு பேரப் பிள்ளைகள் அனுபவிக்கிறார்கள். நார்வேயின் தேசிய ஆவணக் களரி இந்தப் புத்தகங்களின் பக்கங்களையும், 1801, 1865, 1875, 1900-ஆம் வருஷத்து ஜனக் கணக்குகளையும் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கும்படி செய்திருக்கிறது. பழைய கோணல் எழுத்தைப் படிக்கும் பொறுமை மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த தேசத்தை விட்டு ஜனங்கள் ஏன் போனார்கள் என்று கேட்கலாம். விடை அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 1801-இல் நார்வேயின் ஜனத்தொகை சுமார் ஒன்பது லட்சம். 1865-இல் பதினேழு லட்சம். யுத்தம் ஓய்ந்தது, அம்மை நோய் அடங்கியது, உருளைக்கிழங்குப் பயிர் பரவியது, குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் தேசத்தின் பெரும் பகுதி பாறையும் காடும் பனியுமாகும். உழுது பயிரிடத் தக்க நிலம் நூற்றில் மூன்று நான்கு பங்குக்கு மேல் இல்லை. மூத்தவனுக்குப் பண்ணை போனால் இளையவர்கள் பிறர் நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டு கூலி வேலை செய்ய வேண்டியதுதான். அப்படி இருந்தவர்களின் காதில், அமெரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் கல்லில்லாத கரிசல் பூமி இருக்கிறது என்ற செய்தி விழுந்தால், அவர்கள் என்ன செய்வார்கள்?

முதலாவது கூட்டம் 1825-ஆம் வருஷம் ஜூலை மாதம் ஸ்டாவாங்கர் துறைமுகத்திலிருந்து 'ரெஸ்டோராஷியோன்' என்னும் சிறு பாய்மரக் கப்பலில் புறப்பட்டது. கப்பலில் ஏறியவர்கள் 52 பேர். அக்டோபர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் இறங்கியவர்கள் 53 பேர். நடுக்கடலில் ஒரு குழந்தை பிறந்திருந்தது! இவ்வளவு சிறிய கப்பலில் இவ்வளவு பேரை ஏற்றி வந்தது குற்றம் என்று அமெரிக்க அதிகாரிகள் கப்பலைப் பிடித்துவைத்து அபராதம் விதித்தார்கள். ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ் பின்னர் மன்னித்துவிட்டார். இந்தப் பிரயாணத்தின் இருநூறாவது ஆண்டைக் கொண்டாட, அதே போன்ற கப்பல் ஒன்று 2025-ஆம் வருஷம் ஜூலையில் ஸ்டாவாங்கரை விட்டுப் புறப்பட்டு, அக்டோபர் 9-ஆம் தேதியே நியூயார்க் போய்ச் சேர்ந்தது.

குரியும் லார்ஸும் 1850-களின் பிற்பகுதியில் புறப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் நார்வேப் பாய்மரக் கப்பல்களில் பெரும்பாலானவை கனடாவின் கியூபெக் துறைமுகத்துக்கே சென்றன. பிரயாணம் இரண்டு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். அவரவர் சாப்பாட்டை அவரவரே கட்டி எடுத்துப் போக வேண்டும். மெல்லிய காய்ந்த ரொட்டி, உப்பிட்ட மாமிசம், பாலாடைக்கட்டி ஆகியவற்றைப் பூவேலை தீட்டிய மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அம்மாதிரிப் பெட்டிகள் பல இன்று அயோவா மாகாணத்தில் டெக்கோரா என்ற ஊரில் உள்ள பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. புறப்படுகிறவர்களின் பெயர்களைத் துறைமுகப் போலீசார் பதிவு செய்யத் தொடங்கியது 1867-ஆம் வருஷத்திலேதான். அதற்கு முன் போனவர்களுக்குப் பாதிரியாரின் புத்தகமே சாட்சி.

அக்கரையில் தேடுவதற்கும் பத்திரங்கள் உண்டு. அமெரிக்க ஜனக் கணக்கில் 1850 முதல் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது. 1890-ஆம் வருஷத்துக் கணக்கு மாத்திரம் 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தில் பெரும்பாலும் பாழாகிவிட்டது. இரண்டு பிரதிகளை ஒரே கூரையின் கீழ் வைக்காத நார்வேப் பாதிரிமார்களை நாம் இங்கே நினைத்துக்கொள்ளலாம்! இவை தவிர, 1862-ஆம் வருஷத்து நிலக்கொடைச் சட்டத்தின்படி 160 ஏக்கர் நிலம் கேட்டு மனுச் செய்தவர்களின் கட்டுகள் இருக்கின்றன. ஐந்து வருஷம் அந்த நிலத்திலேயே குடியிருந்து பயிரிட்டதற்குச் சாட்சிகளோடு ருசுக் காட்ட வேண்டும். வீடு எத்தனை அடி நீளம், ஜன்னல் எத்தனை, உழுத நிலம் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அவற்றிலே உண்டு. காதல் கடிதத்தைக் காட்டிலும் இந்த மனுக்கள் சில சமயம் மனத்தை உருக்கிவிடும்.

லார்ஸ் குடும்பத்தார் மின்னசோட்டாப் பிரதேசத்தில் காண்டியோஹை என்னும் இடத்தில், ஓர் ஏரிக்கு அருகே மரவீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். அங்கேதான் 1862-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 21-ஆம் தேதி அந்தப் பயங்கரம் நிகழ்ந்தது. அந்தப் பூமியின் பழங்குடிகளாகிய டகோட்டா ஜாதியாரில் சிலர் வெள்ளைக்காரக் குடியேறிகளின் மேல் யுத்தம் தொடுத்திருந்தார்கள். குரி தன் கடைசிப் பெண்ணோடு மறைந்துகொண்டாள். அவள் கண்ணெதிரே கணவன் லார்ஸ் சுடப்பட்டு மாண்டான். மகன் எண்ட்ரே இறந்தான். ஊலேக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. இரண்டு பெண்களைப் பிடித்துப் போனார்கள். அவர்கள் பின்னர் தப்பி வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பிறர் சொல்லியே நாம் அறிகிறோம். குழந்தையோடு திரிந்த குரி, சாலமன் ஃபுட், ஆஸ்கர் எரிக்ஸன் என்ற இரண்டு குடியேறிகள் பலத்த காயத்துடன் கிடந்த வீட்டை அடைந்தாள். அவர்களுடைய காயங்களைக் கழுவிக் கட்டினாள். மாட்டு வண்டியில் அவர்களை ஏற்றினாள். இரவில் கண் விழித்துக் காவல் இருந்தாள். ஃபாரஸ்ட் ஸிடி என்ற ஊர் வரையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் 1881-ஆம் வருஷம் காலமானாள். 1907-இல் மின்னசோட்டா சர்க்கார் அவளுடைய கல்லறை அருகில் ஒரு ஞாபகச் சின்னம் எழுப்பினார்கள். அந்த மயானத்துக்கு அவள் பிறந்த வட்டத்தின் பெயரே, வீக்கோர் என்ற பெயரே, இடப்பட்டிருக்கிறது.

இந்த வீர ஸ்திரீ தன்னைப் பற்றி என்ன சொன்னாள்? அதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1866-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அவள் நார்வேயில் இருந்த தன் தாயாருக்கும் அங்கேயே தங்கிவிட்ட ஒரு மகளுக்கும் அனுப்பிய கடிதம் அழியாமல் கிடைத்தது. தியோடர் பிளெகன் என்ற சரித்திர ஆசிரியர் அதை 1929-இல் வெளியிட்டார். இத்தனை நாள் தன் விதியைத் தெரிவிக்காமல் இருந்ததற்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறாள். பெற்ற தாய்க்கு அந்தச் செய்தியை எழுத அவளுக்கு நான்கு வருஷம் ஆயிற்று! கணவன் மாண்டதையும், மகன் மாண்டதையும், காயம் ஆறிய ஊலேயும் ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாக உயிரோடு இருந்து நோய்வாய்ப்பட்டு இறந்ததையும் சொல்லுகிறாள். பித்துப் பிடித்தவள் போல் இரண்டு நாள் அலைந்ததைச் சொல்லுகிறாள். தன்னைத் தப்புவிக்கச் சிலர் உதவினார்கள் என்றும் சொல்லுகிறாள். ஆனால் தான் எவரையும் காப்பாற்றியதாக ஒரு வார்த்தை இல்லை. கல்லிலே செதுக்கிய குரியும் கடிதத்திலே பேசும் குரியும் ஒருத்தியேதான். என்றாலும் அவளுடைய பேரப் பிள்ளைகளுக்கு இரண்டும் வேண்டும். ஞாபகச் சின்னம் மட்டும் கிடைத்திருந்தால் அவர்களுக்கு ஒரு வீராங்கனை கிடைத்திருப்பாள்; பாட்டி கிடைத்திருக்க மாட்டாள்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் மூதாதையரை உண்மையாகத் தேடுகிறவன் இங்கே நிற்கக் கூடாது. ரோஸ்ஸலாண்ட் பண்ணையில் அவர்களுக்கு முன் யார் இருந்தார் என்று விசாரித்தவன், காண்டியோஹை நிலத்திலும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த நிலம் டகோட்டா ஜனங்களுடையது. 1851-ஆம் வருஷத்து உடன்படிக்கைகளின்படி சுமார் 2 கோடியே 40 லட்சம் ஏக்கரை அவர்கள் அமெரிக்க சர்க்காருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அவர்களுக்கு மிஞ்சியது மின்னசோட்டா நதிக் கரையில் ஒரு துண்டு நிலமும், வருஷந்தோறும் தருவதாகச் சொன்ன தொகையுமேயாகும். 1858-இல் அந்தத் துண்டிலும் பாதி போயிற்று. முந்தின வருஷத்து விளைச்சல் பொய்த்துப்போனதால் 1862-ஆம் வருஷம் கோடையில் அவர்கள் பசியால் வாடினார்கள். வர வேண்டிய பணமும் வரவில்லை. கிடங்குகளில் உணவு இருந்தும் கடனுக்குக் கொடுக்க மறுத்தார்கள். பசித்த வயிறும் ஏமாந்த நெஞ்சும் ஒன்று சேர்ந்தன. யுத்தம் மூண்டது ஆகஸ்டு 18-ஆம் தேதி. விதியின் கொடுமை என்னவென்றால், தாமதமான அந்தப் பணம் ரிட்ஜ்லி கோட்டைக்கு வந்து சேர்ந்ததும் அதே தினத்தில்தான்.

யுத்தத்தில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் மாண்டார்கள். அவர்களில் லார்ஸைப் போல ஏதும் அறியாத குடியானவர்களே பெரும்பாலோர். பிறகு பழிவாங்கும் முறை வந்தது. டிசம்பர் 26-ஆம் தேதி மாங்கேட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் ஒரே சமயத்தில் தூக்கிலிட்டார்கள். ஸ்திரீகளும் குழந்தைகளும் கிழவர்களுமாக ஏறக்குறைய 1600 பேரை அந்தக் குளிர்காலம் முழுதும் ஸ்நெல்லிங் கோட்டையின் அடியில் முகாமில் அடைத்து வைத்தார்கள். பலர் நோயால் மடிந்தார்கள். 1863-இல் உடன்படிக்கைகளையெல்லாம் ரத்து செய்து, டகோட்டா ஜனங்களை அந்த மாகாணத்தை விட்டே ஓட்டினார்கள்.

சொந்த நாட்டில் உழ நிலமில்லாமல் கடல் கடந்தவர்கள், நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பூமியில் ஏர் பூட்டினார்கள். லார்ஸுக்கு இது தெரிந்திருக்குமா? நிலத்தை அளந்து கொடுத்த சர்க்கார் அவனிடம் சொல்லியிருக்கப் போவதில்லை. அவனைக் குற்றவாளியாக்குவது எளிது. அவனைத் தூய வீரனாக்குவதும் எளிது. இரண்டும் அவனைத் தேடாமலே செய்யக் கூடிய காரியங்கள். தேடிக் கண்டுபிடித்தவனுக்கோ இரண்டு தாய்மார்கள் தெரிவார்கள். ஒருத்தி கணவனின் பிணத்தை விட்டுக் குழந்தையோடு ஓடிய குரி. மற்றொருத்தி ஸ்நெல்லிங் கோட்டையின் அடியில் குளிரில் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டகோட்டாத் தாய். முன்னவளுக்குக் கடிதம் இருக்கிறது, கல்லும் இருக்கிறது. பின்னவளுடைய பெயரைத் தேடி அவளுடைய பேரப் பிள்ளைகள் எந்தப் பாதிரியாரின் புத்தகத்தைப் புரட்டுவார்கள்?

ஆயினும் இங்கேயும் நிலம் தன் பெயரை மறக்கவில்லை. மின்னசோட்டா என்பது டகோட்டாச் சொல். காண்டியோஹை என்பதும் டகோட்டாச் சொல்லே. ஒரு வகை மீன் வந்து சேரும் இடம் என்பது அதன் பொருள். ஏரியில் மீன் வரும் காலத்தைக் கண்டு பெயரிட்டவர்கள் அங்கே வழிப்போக்கர்களாகவா இருந்திருப்பார்கள்? ஹார்டாங்கரில் குரியின் பேரப் பிள்ளைகளுக்கு வழி காட்டியது ஒரு பண்ணையின் பெயர் என்றால், காண்டியோஹையில் அவர்களுக்கு முன்னிருந்தவர்களைக் காட்டிக்கொடுப்பதும் ஓர் ஊரின் பெயர்தான்.

நேயர்களே! நம்மில் பலருக்குப் பாட்டனாரின் பெயர் தெரியும்; அவருடைய தகப்பனார் பெயரும் தெரிந்திருக்கலாம். பாட்டியின் தாயார் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அவள் எந்த ஊரில் பிறந்தவள், எந்த நிலத்தின் சோற்றை உண்டு வளர்ந்தவள், அந்த நிலத்தை அவளுக்கு முன் உழுதவர்கள் யார் என்று வீட்டில் உள்ள முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு இன்னும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூடுமானால் இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றை வேறொரு கூரையின் கீழ் வையுங்கள்.